விக்கலுக்கு ஒரு மெமோ

குற்றச்சாட்டு இன்னதென்று எழுத்தில் தெரிவிக்காமலும், பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுக்காமலும், சாட்சிகளை விசாரிக்காமலும் எந்த ஊழியருக்கும் தண்டனை விதிக்கக் கூடாது. புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. விசாரணை அதிகாரியே தண்டனையும் வழங்கக் கூடாது.

வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த மூன்று வாக்கியங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் சூப்பரின்டெண்டென்ட்டாக இருந்தேன். ஷிப்டில் தூங்கியவர், ஃபோர்மேனின் பரம்பரையை உரத்த குரலில் விசாரித்தவர், கேன்டீன் வடையை அதிகாரியின் மேஜைமேல் தட்டி, சத்தம் எப்படி வருகிறது பாருங்கள் என்று கேட்டவர், எல்லாருக்கும் மெமோ என் கையால்தான் தயாராகும். அந்த வடையை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, சாட்சியப் பொருளாகப் பாதுகாத்தோம். விசாரணை முடிய இரண்டு வருடம் ஆயிற்று. வடைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அதுவே அவருக்குச் சாதகமான சாட்சியமாகிவிட்டது.

வடை தட்டியவருக்கே இவ்வளவு மரியாதை. என் தம்பியின் மனைவி தனக்குத் தானே எந்த அவகாசமும் கொடுத்துக்கொண்டவள் அல்ல. தன்மேல் புகாரும் அவளே கொடுப்பாள், சாட்சியும் அவளே சொல்வாள், தீர்ப்பும் அவளே எழுதுவாள். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் விசாரணை முடிந்துவிடும். பால் பொங்கினால் அதற்குத் தனி விசாரணை.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி, தேதியைச் சரிபார்த்த பிறகுதான் நிச்சயதார்த்தத்துக்கே சம்மதித்தேன். சட்டம் குறைந்தபட்ச வயதைத்தான் சொல்லும், அது போதுமா என்று சொல்லாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஊர் வெள்ளானூர். தாய் சிறு வயதிலேயே போய்விட்டாள், வளர்த்தது அக்கா. தகப்பனார் எங்கள் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

தம்பிக்கு அக்காவான நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது தொடர்பான கோப்பு பரிசீலனையிலேயே முடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் என் பெயரில். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்த தம்பி, உரிய அனுமதியுடன் என்னோடு தங்கியிருந்தான். உரிய அனுமதியுடன் மனைவியும் வந்தாள். அடுத்து வரப்போகிறவருக்கும் எந்தப் படிவம் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன்.

வரப்போகிறவர் கொஞ்சம் அவசரப்பட்டார். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். கூடவே யோசிக்கவும் ஆரம்பித்தாள்.

முதல் வழக்கு கத்தரிக்காய். ஒருநாள் காலை அவள் சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர், யூனியனிலும் முக்கியமான ஆள். அந்த அம்மா வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பூட்டு கிடையாது.

"இன்னாமே, இன்னிக்கு கிரகணம். கத்தி தொட்டுகினு கீறே? கொயந்தைக்கு காது மூளியா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு, கேட்க வந்த உப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது நலம் விசாரிப்பது போலத்தான். வாசல் தாண்டுவதற்குள் மறந்திருப்பார்.

இவள் மறக்கவில்லை. மிச்ச மாதங்கள் முழுக்க அந்தக் கத்தரிக்காயைச் சுமந்தாள். நான் பஞ்சாங்கத்தையும் செய்தித்தாளையும் எடுத்துவைத்து, அந்தக் கிரகணம் நம் ஊரில் தெரியவே தெரியாது, எனவே ஆவடியில் நறுக்கப்பட்ட காய்கறிகள்மீது அதற்கு அதிகார வரம்பு இல்லை என்று நிரூபித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, கிரகணம் தெரியாவிட்டாலும், தெரிந்த பிறகும் மிச்சத்தை நறுக்கியது தப்புதானே என்றாள். இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு அரசுத் தரப்பு வழக்கறிஞரை நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு காதும் இருந்தன. நானே பார்த்து உறுதிசெய்தேன்.

"வெளிக்காது சரி அண்ணி. உள்காது?" என்றாள்.

நான் தட்டையும் கரண்டியையும் எடுத்துக் குழந்தையின் பின்னால் நின்று அடித்தேன். குழந்தை தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது. செவிப்புலன் நிரூபணம். ஆனால் தாய் சொன்னது, "பாருங்க, என்னால அது பயந்துருச்சு" என்று. தட்டை அடித்தது நான். கரண்டி இன்னும் என் கையில் இருந்தது.

முதல் நாற்பது நாள் சேக்காட்டில் அவளுடைய அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. இருந்தும் குழந்தையைக் குளிப்பாட்ட, குப்புறப் போட்டு முதுகு தட்ட, சாம்பிராணி காட்ட எல்லாம் அவளுக்குக் கை தானாக வந்தது. அக்கா தூக்கினால் குழந்தை அடங்கும். தங்கை தூக்கினால் அடங்காது. தூக்குகிறவளுடைய கை நடுங்கினால் எந்தக் குழந்தை அடங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் மட்டும் யோசித்தாள், தப்பாக.

எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு பிரச்சினை பெரிதாயிற்று. குழந்தைக்கு விக்கல் வந்தால் காரணம் அவள். விக்கல் நின்றால், ஏன் நின்றது என்று குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். துணி காயவில்லை என்றால் அவள் ராசி. ஆவடி முழுக்க யார் வீட்டிலும் துணி காயவில்லை என்பதை எதிர்வீட்டுக் கொடியைக் காட்டியே விளக்கினேன். அவர்களுக்கும் என் ராசிதான் ஒட்டிக்கொண்டது என்றாள். சாப்பாடு தட்டில் அப்படியே இருக்கும். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதுபோல் நின்று அழுவாள். பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே கழுவியிருக்கும்.

என் தம்பியின் யோசனை முறை வேறு. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி. ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அருகில் உட்கார்ந்தான். குழந்தையைத் தன் அக்காவிடமே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொல்கிறாள் என்றான். அக்காவிடமும் பேசியாகிவிட்டது. அக்கா தொட்டிலே வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆட்டோவில் வருகிறாள்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அவ சொல்றதும் சரிதானேக்கா? அங்க அது அழறதில்ல."

"நீ அங்க போனா நானும் அழமாட்டேன். உன்னையும் அனுப்பிடட்டுமா?"

அதுவும் சரிதான் என்பதுபோல் அவன் யோசிக்கத் தொடங்கினான்.

அவளிடம் நேரடியாகப் பேசிப் பார்த்தேன். குழந்தைக்குத் தாய் வேண்டும், வயது சின்னது, போகப் போகப் பழகும் என்று, எல்லாரும் சொல்வதையெல்லாம் நானும் சொன்னேன். கேட்ட வரைக்கும் தலையாட்டினாள். கடைசியில், "அதுக்கு நல்ல அம்மா கெடைக்கணும் அண்ணி. அதுக்காகத்தான் சொல்றேன்" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. ஃபைலை மூடிக் கட்டியாகிவிட்டது என்ற குரல். அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. இந்தப் பெண் இப்போது குழந்தையைக் கொடுத்துவிட்டால், பின்னால் அதைத் திரும்பக் கேட்கவும் தனக்குத் தகுதியில்லை என்றுதான் தீர்ப்பு எழுதுவாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். அன்பாகப் பேசுவது எனக்கு வராது. வருவது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை இழுத்துத் தூசி தட்டினேன். கார்பன் வைத்து இரண்டு படி அடித்தேன்.

பொருள், குழந்தை வளர்ப்பில் கவனக்குறைவு தொடர்பாக. குற்றச்சாட்டு ஒன்று, கிரகணத்தன்று கத்தரிக்காய் நறுக்கியது. இரண்டு, குழந்தைக்கு விக்கல் வரவழைத்தது. மூன்று, பருவமழையைப் பெய்யவைத்துத் துணிகளைக் காயவிடாமல் தடுத்தது. நான்கு, குழந்தை அழும்போது அழவிட்டது, தூங்கும்போது தூங்கவிட்டது. மேற்படி குற்றச்சாட்டுகளுக்குத் தாங்கள் எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும்.

இதெல்லாம் அலங்காரம். நான் எழுத நினைத்தது கடைசி வரி மட்டும்தான். பதில் பெறப்பட்டு விசாரணை முடியும்வரை மேற்படி குழந்தையை எந்த இடத்துக்கும் மாற்றக் கூடாது.

எங்கள் நடைமுறையில் இதைவிடப் பலமான வரி கிடையாது. விசாரணை நிலுவையில் இருந்தால் ஜெனரல் மேனேஜர் நினைத்தாலும் ஆளை அசைக்க முடியாது. இந்த ஒரு வரியால் பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அவளிடம் கொடுத்து, படியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கினேன். படித்தால் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. நான் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. அவள் தகப்பனார் ஒருமுறை ஷிப்டில் தூங்கி மெமோ வாங்கியவர். அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். பெண்கள் இருவரும் ஜெபம் பண்ணினார்களாம். அந்த மெமோவையும் தயாரித்தவள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது சொல்லவேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தப் பயத்தால் ஒரு லாபம். மெமோ என்றால் மெமோதான். தொழிற்சாலைக் குடும்பங்களில் அதை யாரும் மீறமாட்டார்கள். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. அந்த அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இன்னா மேடம், பச்ச ஒடம்புக்காரிக்கு மெமோ குட்துகீறியாமே. யூனியன்ல சொன்னியாம்மே நீ?" என்று இவளிடமும் ஒரு கேள்வியைப் போட்டார். இவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப நான்தான் ஒனக்கு டிஃபன்ஸு. எங்க ஊட்டுக்காரு எத்தினி என்கொயரி பாத்துகீறாரு. நீ வாயே தொறக்காத."

குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு உதவியாக சக ஊழியர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அனுமதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். ஆட்டோவில் ஒரு குட்டி மெத்தை, கொசுவலை, கிலுகிலுப்பை. நான் வாசலிலேயே மெமோவின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, ஸ்டே வாங்கிட்டாங்கம்மா, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது என்று சட்ட ஆலோசனை சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "உங்க ரூல்ல நான் எங்க வர்றேன் அக்கா?" என்றாள்.

அதற்கு என்னிடம் விதி இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் விசாரணை தொடங்கியது. சாப்பாட்டு மேஜைதான் விசாரணை அறை. நான் ஒரு பக்கம், எதிரில் அவளும் எதிர்வீட்டு அம்மாவும், ஓரத்தில் பார்வையாளராக அக்கா. தம்பி வாசற்படியில் நின்றான், எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியவில்லை. புகார்தாரர் தொட்டிலில் விக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்மா எழுந்து நின்றுதான் வாதாடினார். கத்தரிக்காய் விஷயத்தில், தான் சொன்னது வாய் சும்மா இருக்காமல் சொன்னது, அதற்கு இந்தப் பெண்ணைக் கேட்டால் எப்படி என்றார். மழை விஷயத்தில், மழைக்கு மெமோ கொடுக்கத் துப்பிருந்தால் கொடுங்கள் என்றார். விக்கலுக்கு வந்தபோது புகார்தாரரையே சாட்சியாகக் காட்டி, அம்மாக்காரி இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே தானாக விக்குகிறதே, அப்புறம் இவள் எப்படி வரவழைத்தாள் என்று கேட்டார். நான் மலைத்துப்போனேன். எங்கள் பிரிவில் இப்படி ஒரு வாதத்தைக் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. வழக்கு எங்கள் கையில் இருக்கிறது என்றே நினைத்தேன்.

அப்போது அவள் நிமிர்ந்து, "எல்லாத்தையும் ஒத்துக்கிறேன் அண்ணி" என்றாள்.

டிஃபன்ஸ் தலையில் கை வைத்தது. நானும் வைத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அத்தோடு விசாரணை முடிகிறது. இது அரிச்சுவடி. குழந்தையைக் காப்பாற்ற நான் கட்டிய வேலியில் இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துவிட்டு, வேலிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூலையில் அக்காவின் கை மெத்தைமேல் இறுகியது.

"அதுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்று அவள் தொடர்ந்தாள். மேஜையைப் பார்த்துத்தான் பேசினாள். "அதப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல அண்ணி. எல்லாருக்கும் தோணும்னு சொல்றாங்களே, அது. காத்திருந்து காத்திருந்து பாத்தேன். வரல. அதுக்கு என்ன தண்டன?"

தொட்டிலில் விக்கல் மட்டும் கேட்டது. என் எல்லா விதிப் புத்தகங்களையும் மனதுக்குள் புரட்டினேன்.

எதிர்வீட்டு அம்மாதான் முதலில் பேசினார். நிற்காமல் உட்கார்ந்து பேசினார். "எனக்கு மூணாவதுக்கு அப்பிடித்தாம்மே இருந்துச்சி. மூஞ்சப் பாத்தா எவ ஊட்டுக் கொயந்தையோன்னு இருக்கும். யாராண்டயும் சொல்லல. இன்னிக்குத்தான் சொல்றேன்."

"அப்பறம்?" என்று கேட்டாள் இவள்.

"அப்பறம் இன்னா, அதுதான் இப்ப மாங்கா அடிச்சிகினு சுத்துதே, அந்த எரும. அதுக்கோசரம் உசுரயே குடுப்பேன்."

குற்றம் சாட்டப்பட்டவரின் உடல்நிலை சரியில்லை என்று தெரிந்தால், அவர் ஒப்புக்கொண்டதை ஏற்கக் கூடாது, மருத்துவ அறிக்கை வரும்வரை விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். அப்படி ஒரு விதி நிஜமாகவே இருக்கிறது. ஒத்திவைத்தேன். தம்பி ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தான். அவனாகச் செய்த முதல் காரியம் அது.

தம்பி மனைவி என்பவள் என் சார்ந்தோர் பட்டியலில் வரமாட்டாள் என்பதால் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. திருமுல்லைவாயிலில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். இவள் கைப்பையில் மெமோவையும் கொண்டுவந்திருந்தாள், அசல் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வதால். டாக்டரம்மா அதை முழுவதும் படித்தார்.

"இத யாரு எழுதினது?"

நான் என்றேன்.

"டைப்பிங் நல்லா இருக்கு. மருந்து இவங்களுக்கு எழுதறேன். உங்களுக்கும் வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்றவர், என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

உள்ளே நெடுநேரம் பேசினார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் நேராகவே கேட்டாராம். எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றும், எங்கே என்றுதான் தெரியாது என்று இவள் சொன்னாளாம். வீடு திரும்பும்போது பஸ்ஸில் இதை அவளே என்னிடம் சொன்னாள். எங்கே என்று தெரியாததற்கு அன்று நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

பிறகு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு விளக்கினார். இது குணம் இல்லை, நோய். பிள்ளை பெற்ற பிறகு வரும், சின்ன வயதுப் பெண்களுக்கு இன்னும் சுலபமாக வரும். காய்ச்சல்காரியிடம் உடம்பு ஏன் கொதிக்கிறது என்று விளக்கம் கேட்பீர்களா என்றார். நான் கேட்கக்கூடியவள்தான் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வரச் சொன்னார், அவளைத் தூங்கவிட வீட்டில் ஆள் வேண்டும் என்றார். அவள் தன் தப்பு என்று சொல்லும்போது இல்லை இல்லை என்று சண்டை போடாதீர்கள், இதையே வேறொருத்தி செய்திருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டுப்பாருங்கள் என்றார்.

ஆள் வேண்டும் என்றதும் அக்கா நினைவுக்கு வந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு இப்போது விதி கிடைத்துவிட்டது. ஒரு பதவியில் இருப்பவர் உடல்நலக் காரணத்தால் பணியைப் பார்க்க முடியாதபோது, அந்தப் பதவி காலியானதாகக் கொள்ளக் கூடாது, வேறொருவரைப் பொறுப்பில் அமர்த்தலாம். சேக்காட்டுக்கே போய்ச் சொன்னேன். பகலில் பொறுப்பு அம்மா நீங்கள், நிரந்தரப் பதவி உங்கள் தங்கையுடையது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாளிலிருந்து வந்தாள். அந்தக் குட்டி மெத்தையையும் கொண்டுவந்தாள்.

விசாரணை முடிந்துவிடவில்லை. அடுத்த அமர்வில் நாற்காலியை மாற்றிப் போட்டேன். விசாரணை அதிகாரி அவள். குற்றவாளியாக எதிர்வீட்டு அம்மா தானாக முன்வந்தார். அவர் ஒருமுறை ரேஷன் கடையிலிருந்து சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் சரியாக வாங்கி வீடு சேர்ந்தவர். கூட அழைத்துப்போன மகனை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டார். திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது அவன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, எடை போடுகிறவரிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தானாம்.

"கூட்டத்துல அது யாருக்கும் வரும்" என்று அதிகாரி உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"மண்ணெண்ணெய மறக்கலியேம்மே. புள்ளயத்தானே மறந்தேன். அப்ப நான் இன்னா அம்மா?"

"கெட்ட அம்மாவா இருந்தா திரும்பி ஓடியிருப்பீங்களா?"

நான் அதை அப்படியே எழுதி, பெயரை மட்டும் மாற்றி அவளுக்கே வாசித்துக் காட்டினேன். விக்கல் வந்ததும் தண்ணீர் தொட்டு வைக்க ஓடுகிறவள், தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள், கெட்ட அம்மாவா?

"அது வேற அண்ணி" என்றாள்.

"எப்படி வேற?"

"தெரியல" என்றாள்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். இதுவரை எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தவள், முதல்முறையாகத் தெரியவில்லை என்றிருக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் விசாரணையால் குணமாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. மாத்திரையும் தூக்கமும் டாக்டரம்மாவும் அக்காவும்தான் வேலை பார்த்தார்கள். நான் செய்தது இழுத்தடித்தது. பதில் கொடுக்க வேண்டிய தேதி ஒவ்வொரு முறை முடியும்போதும், மேலும் அவகாசம் வழங்கப்படுகிறது என்று ஒரு துண்டுச் சீட்டை சமையலறை டப்பாவில் ஒட்டுவேன். பதில் வராதவரை விசாரணை நிலுவை. விசாரணை நிலுவையில் உள்ளவரை குழந்தை இங்கே. நடுவில் நல்ல வாரங்களும் இருந்தன, குழாய் மறுபடி சத்தம் போட்ட வாரங்களும் இருந்தன. சித்திரை வெயிலில் துணிகள் கொடியில் போட்ட வேகத்தில் காய்ந்தன. அதற்கு அவள் எந்தப் பெருமையும் எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்கு மட்டும் நீதான் பொறுப்பா, வெயிலுக்கு யார் என்று கேட்டேன். லேசாக உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் கடிப்பார்கள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தம்பி ஒருநாள் கேட்டான், இந்த என்கொயரி எப்பதான்கா முடியும் என்று. வடை கேஸ் முடிய இரண்டு வருடம் ஆயிற்று என்று நினைவூட்டினேன். அதுவும் சரிதான் என்றான்.

குழந்தை தவழத் தொடங்கியிருந்தது. ஒரு காலை, குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஓர் உறையை நீட்டினாள். மேலே 'நேரில்' என்று எழுதியிருந்தது.

உள்ளே பதில் இருந்தது, என் நடையிலேயே, எனக்கே கொஞ்சம் கூசும்படி. குற்றச்சாட்டு ஒன்றை மறுக்கிறேன், கிரகணத்துக்கு ஆவடியில் அதிகார வரம்பு இல்லை என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். இரண்டை மறுக்கிறேன், அக்கா பொறுப்பில் இருந்தபோதும் விக்கல் வந்துள்ளது, சாட்சிகள் உண்டு. மூன்று வானிலை சம்பந்தப்பட்டது. நான்கு எனக்குப் புரியவில்லை, தங்களுக்குப் புரிந்தால் விளக்கவும்.

அதன் கீழே பேனா கொஞ்சம் தயங்கியிருந்தது. ஐந்தாவது குற்றச்சாட்டு மெமோவில் இல்லை, நான் சொன்னது. அன்று அது உண்மை. போன வாரம் பாப்பா தும்மிவிட்டு, யார் தும்மியது என்று திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டேன். இறக்கிவிடத் தோன்றவில்லை. ஆகவே குழந்தையை மாற்றக் கோரிய என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடைசியில் ஒரு பின்குறிப்பு. தாங்கள் குழந்தையை ஃபைல் கட்டு தூக்குவதுபோல் தூக்குவது குறித்துத் தங்களுக்குத் தனி மெமோ வரும்.

விடுமுறை நாளில் அலுவலகத் தபால்களைப் பெறக் கூடாது, அடுத்த வேலை நாளில்தான் பதிய வேண்டும். அந்த விதியை நான் மீறியது அந்த ஒருமுறைதான். உறையின் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு, அன்றைய தேதியையே எழுதினேன்: பதில் பெறப்பட்டது, ஆகஸ்ட் 15, 1988.